இருபத்து மூன்றரைப் பாகை

கோடை ஏன் வருகிறது என்று ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு பள்ளி மாணவரைக் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை, "அப்போது பூமி சூரியனுக்கு அருகில் போகிறது" என்பதே. சித்திரை வெயிலில் பாலாற்று மணலில் கால் வைத்தவர் எவருக்கும் அவ்விடை இயல்பாகவே தோன்றும். அடுப்பை நெருங்கினால் சூடு, விலகினால் குளிர்ச்சி. வீட்டுச் சமையலறையில் கற்ற பாடத்தை வானத்துக்கும் பொருத்திப் பார்ப்பதில் பிள்ளையின் குற்றம் ஒன்றுமில்லை. 1987இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், மாணவரும் ஆசிரியரும் முன்னாள் மாணவருமாக 23 பேரிடம், பருவங்கள் மாறுவது ஏன், பிறை வளர்ந்து தேய்வது ஏன் என்ற வினாக்களை எழுப்பிப் படம்பிடித்தனர். அவர்களுள் 21 பேர் பிழையான விளக்கமே தந்தனர். ஆகவே இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறை அன்று. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்விடையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் இருந்தது என்பதும், அது கைநழுவிப் போனது என்பதும் தனியே எண்ணிப் பார்க்கத் தக்க வரலாறாகும்.

முதலில் உண்மை நிலையைச் சொல்லிவிடுவோம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது இடைத்தொலைவு ஏறத்தாழ 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில். அப்போது 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர். மார்கழிப் பனியில் ஏலகிரி அடிவாரத்து மக்கள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் நாட்களில்தான் சூரியன் நமக்கு மிக நெருங்கி நிற்கிறது. அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கடுங்கோடை. தொலைவே காரணம் என்றால் ஒரே நாளில் ஒரு பாதி உலகம் வெயிலிலும் மறுபாதி குளிரிலும் இருக்க இயலாது.

பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு, அது சூரியனைச் சுற்றும் பாதைக்குச் செங்குத்தாக இல்லாமல் சுமார் 23½ பாகை சாய்ந்திருப்பதே பருவங்களின் காரணம். அச்சு எப்போதும் ஒரே திசையை நோக்கியவாறு நிற்பதால், ஆறு மாதம் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்தும், ஆறு மாதம் விலகியும் அமைகிறது. சாய்ந்த பாதியில் கதிர்கள் நெருங்கிய செங்குத்தாக விழுகின்றன. பகலும் நீள்கிறது. விலகிய பாதியில் அதே ஒளி சரிந்து விழுந்து அதிகப் பரப்பில் பரவி மெலிகிறது. பகலும் குறுகுகிறது. கதிரின் கோணம், பகலின் நீளம் ஆகிய இரண்டும் சேர்ந்தே பருவத்தை ஆக்குகின்றன.

இந்தச் சாய்வின் அளவைத் துல்லியமாகக் கண்ட பெருமையில் பெரும்பங்கு இஸ்லாமிய உலகத்து வானியல் அறிஞர்களைச் சாரும். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி தம் நூலில் தந்த அளவு 23 பாகை 51 கலை. (ஒரு பாகைக்கு 60 கலை.) கலீபா மஃமூன் காலத்தில் பக்தாதிலும் டமாஸ்கஸிலும் நோக்கியவர்கள் அதனை 23 பாகை 33 கலை எனக் குறைத்தனர். கி.பி. 877 முதல் நாற்பது ஆண்டுகள் யூப்ரடீஸ் ஆற்றங்கரை ரக்கா நகரில் வானத்தை நோக்கிய அல்பத்தானி கண்ட அளவு 23 பாகை 35 கலை. இச்சாய்வு நூற்றாண்டுக்கு முக்கால் கலையளவு மிக மெல்லக் குறைந்து வருவது. இன்று அது 23 பாகை 26 கலை. அந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தால், அல்பத்தானி காலத்தில் சாய்வு இருந்திருக்க வேண்டிய அளவும் 23 பாகை 35 கலையே. தொலைநோக்கி இல்லாத காலத்தில், சுவரில் பதித்த வளையத்தையும் நிழலையும் கொண்டு எடுத்த அளவு அது.

அல்பத்தானியின் மற்றொரு கண்டுபிடிப்பு நம் வகுப்பறைக்கு இன்னும் நெருக்கமானது. சூரியனின் தொலைவு ஆண்டு முழுதும் ஒரே அளவாக இல்லை என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். மிகத் தொலைவான புள்ளி எங்கே என்று அவர் கணக்கிட்டபோது, அது மிதுன ராசியில், அதாவது கோடையின் உச்சத்தை ஒட்டி அமைந்தது. தாலமி சொன்ன இடத்திலிருந்து அது நகர்ந்திருப்பதையும் அவர் கண்டார். ஆகவே, சூரியன் மிகத் தொலைவில் நிற்கும்போதுதான் பக்தாதில் கோடை வாட்டுகிறது என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட செய்தி. ஹார்வர்டில் 1987இல் தவறிய விடை, ரக்காவில் கி.பி. 900ஐ ஒட்டியே தெளிந்த விடையாகும்.

இவ்வறிவு நூல்களில் முடங்கிப் போகவில்லை. பாடமாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாரிஸ்மைச் சேர்ந்த மஹ்மூத் அல்ஜக்மீனி, மாணவர்க்கென 'அல்முலக்கஸ்' என்னும் வானியல் சுருக்க நூலை எழுதினார். 1412இல் சமர்கந்தில், பேரறிஞனும் அரசனுமான உலூக் பேக்கின் அவையில் இருந்த காஜிஸாதா ரூமி அதற்கு ஓர் உரை வரைந்தார். அவ்வுரை 'ஷரஹ் ஜக்மீனி' என்ற பெயரால் கிழக்கு முழுவதும் பரவியது. லக்னோவின் ஃபிரங்கி மஹல் மரபைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் வகுத்த 'தர்ஸெ நிஜாமி' பாடத்திட்டத்திலும், 'ஹைஅத்' எனப்படும் வானியல் பகுதியில் அவ்வுரை இடம்பெற்றது. தென்னகத்துக்கு அப்பாடத்திட்டத்தை நிலைநிறுத்திய பெருமை வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவுக்கும், அதன் நிறுவனர் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் அவர்களுக்கும் (1831–1919) உரியது. தமிழகத்துக் கடற்கரை ஊர்களிலிருந்தும், கேரளத்திலிருந்தும், இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வேலூருக்கு ஓதவந்தனர்.

ஜக்மீனியின் நூலில் சாய்வுக்குப் பெயர் 'மைல்'. மைல்கல்லின் மைல் அன்று. அரபியில் சாய்தல் என்று பொருள்படும் சொல். பெருஞ்சாய்வு 'அல்மைலுல் குல்லீ'. அந்நூலின்படி பூமி நடுவில் நிற்க, சூரியன் தன் சாய்ந்த வட்டத்தில் சுற்றுகிறது. இன்றைய பாடத்தின்படி சூரியன் நடுவில் நிற்க, சாய்ந்த அச்சுடைய பூமி சுற்றுகிறது. எது நிற்கிறது, எது சுற்றுகிறது என்பதில் பழைய நூல் தவறியது உண்மை. கோபர்னிக்கஸ் 1543இல் அதைத் திருத்தினார். ஆனால் பருவத்தை ஆக்கும் அந்தக் கோணம் இரண்டிலும் ஒன்றுதான். பழைய நூலைப் படித்த மாணவர் பருவங்களின் காரணத்தை அறிந்தவரே. அவர் அறியாதது அக்கோணத்தின் உரிமையாளர் சூரியன் அன்று, பூமி என்பது மட்டுமே.

அந்நூலின் இரண்டாம் பகுதியில், பூமியின் ஊர்களை அகலாங்கு வாரியாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்திலும் சூரியன் எவ்வாறு தோன்றும் என்று விளக்கும் இயல் ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டில் உள்ள ஊர், அகலாங்கு பெருஞ்சாய்வினும் குறைந்த ஊர், அதற்குச் சமமான ஊர், மிகுந்த ஊர் எனப் பாகுபாடு செல்கிறது. பெருஞ்சாய்வினும் குறைந்த அகலாங்குடைய ஊர்களில் ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்நாட்களில் நண்பகல் நிழல் இராது. இரு நாட்களுக்கும் இடைப்பட்ட ஒரு பகுதியில் நிழல் வடக்கேயும் மற்றொரு பகுதியில் தெற்கேயும் விழும் என்பது அவ்வியலின் செய்தி. வேலூரின் அகலாங்கு 12 பாகை 55 கலை. ஆம்பூருக்கு 12 பாகை 47 கலை. ஆக, குளிர்நாடாகிய குவாரிஸ்மைச் சேர்ந்தவர் எழுதிய நூலின் அப்பக்கம் ஆம்பூரின் வானத்தைச் சரியாகச் சொல்கிறது. அதை ஓதிய வேலூர் மாணவர் எழுந்து முற்றத்துக்குச் சென்றிருந்தால் போதும். நூல் சொன்னது தரையில் கிடக்கும்.

இனி மற்றோர் அறைக்கு வருவோம். தோல் வணிகத்தில் பொருளீட்டிய பெருந்தகைகள் அப்பொருளைக் கல்விக்குச் செலவிட்டது இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பு. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. தோல் வணிகரும் வள்ளலுமான சி. அப்துல் ஹக்கீம் சாகிப் (1863–1938) அவர்களின் பெயரால் மேல்விஷாரத்தில் 1965இல் கல்லூரி தோன்றியது. ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் பள்ளி தலைமுறைகளை ஆளாக்கியது. ஆவாரம்பட்டைத் தொட்டியிலும் கடுக்காய்த் தொட்டியிலும் ஊறிய தோல் கப்பலேறி ஈட்டிய செல்வம், பலகையாகவும் உலக உருண்டையாகவும் வகுப்பறைக்குத் திரும்பி வந்தது எனலாம்.

அவ்வகுப்பறைகளில் கற்பிக்கப்பட்ட நிலநூல் பாடம் ஆங்கிலேயரின் முறையைத் தழுவியது. அதில் பருவங்கள் நான்கு: வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம். இலண்டன் மாணவருக்கு அது நேரே கண்ணுக்குத் தெரியும் பாடம். அங்கே ஜூன் 21இல் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். டிசம்பர் 22இல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் எழும். தரையில் விழும் ஒளி, உச்சிவெயிலின் நான்கில் ஒரு பங்கு. ஆம்பூரிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. டிசம்பர் நண்பகலிலும் சூரியன் 54 பாகை உயரத்தில் நிற்கிறது. ஒளி ஐந்தில் நான்கு பங்கு குறையாது. இலை உதிர்ந்து பனி பெய்யும் படத்தைக் காட்டி, "இதுவே பருவம்" என்று நம் பிள்ளைக்குக் கற்பித்தால், அவர் அதைத் தேர்வுக்கு மனனம் செய்வார். தம் ஊரின் வெயிலுக்கு வேறு காரணம் இருக்கவேண்டும் என்று எண்ணி, பழைய அடுப்பின் உவமைக்கே திரும்புவார்.

இவ்வாறு ஒரே கோணம், ஒரே ஊரில், இரண்டு அறைகளில், இரண்டு பெயர்களில் கற்பிக்கப்பட்டது. ஓரறையில் அது 'மைல்'. மற்றதில் 'அச்சுச் சாய்வு'. இரண்டும் ஒன்றே என்று மாணவருக்குச் சொல்லுவார் அரிதாயினர். உலகக் கல்வியா, மார்க்கக் கல்வியா என்ற நெடிய வழக்கில் இரு தரப்பாரும் மற்றவர் அறையில் என்ன கற்பிக்கப்படுகிறது என்று எட்டிப் பார்த்தது குறைவு. பின்னாளில் பல மதரஸாக்களில் ஹைஅத் பாடம் சுருங்கியது, சில இடங்களில் மறைந்தே போனது. கோள்களின் அமைப்பில் பழைய நூல் பிழையுடையது என்பதற்காக அதை விட்டவர்கள், பிழையில்லாத நிழற்கணக்கையும் அதனுடன் சேர்த்தே விட்டுவிட்டனர் என்பது என் கருத்து. பள்ளிக்கூடத்தாரும் சளைத்தவர் அல்லர். அடுத்த தெருவில் ஆறு நூற்றாண்டுப் பழமையுள்ள உரைநூலில் தம் ஊரின் நிழல் எழுதப்பட்டிருந்தும், இலண்டன் நிழலையே பலகையில் வரைந்தனர்.

பழமையையும் புதுமையையும் ஒரே திண்ணையில் அமர்த்திப் பேசவைக்க முயன்றவர் சென்னையில் ஒருவர் இருந்தார். சென்னை வானிலை நோக்ககத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கவிருந்ததை முன்னிட்டு அவர் ஒரு சிறுநூல் எழுதினார். பழைய சித்தாந்தம் கற்ற பண்டிதரும் புதிய வானியல் அறிந்தவரும் உரையாடுவதாக அமைந்த நூல் அது. ஆங்கிலத்தில் மட்டுமின்றி உருது, கன்னடம் முதலிய மொழிகளிலும் வெளிவந்தது. பழைய பண்டிதரை எள்ளி நகையாடாமல், அவர் அறிந்த கணக்கிலிருந்தே தொடங்கி அவரைப் புதிய உண்மைக்கு அழைத்துச் செல்லும் முறை அது. பருவங்களைக் கற்பிக்க வேலூர் வட்டாரத்துக்குத் தேவைப்பட்டதும் அத்தகைய உரையாடல்தான்.

அவ்வுரையாடலைத் தொடங்குவதற்கு மிக எளிய இடம் தொழுகை நேரம். லுஹர் நேரம் சூரியன் உச்சி சாய்ந்தவுடன் தொடங்குகிறது. அந்த உச்சிவேளையில் ஒரு பொருளுக்கு எஞ்சியிருக்கும் நிழலை உருதுவில் 'ஸாயா அஸ்லீ' என்பர். அஸர் நேரம், இந்த மூலநிழல் நீங்கலாகப் பொருளின் நிழல் அப்பொருளின் நீளத்தை எட்டும்போது என்பது ஷாபிஈ மத்ஹபின் முடிவு. இருமடங்கை எட்டும்போது என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் முடிவு. நம் வட்டாரத்தில் ஹனபிகளே மிகுதி. கடற்கரை ஊர்களிலிருந்து ஓத வந்த ஷாபிஈ மாணவர்கள் பிந்திய அஸரைக் கண்டு முதலில் வியந்திருப்பார்கள் போலும்.

ஒரு மீட்டர், அதாவது 100 செ.மீ. உயரமுள்ள குச்சியை ஆம்பூரில் நட்டால், மூலநிழல் டிசம்பர் 22இல் வடக்கே 73 செ.மீ. விழும். மார்ச் 21இலும் செப்டம்பர் 23இலும் வடக்கே சுமார் 23 செ.மீ. ஏப்ரல் 24ஐ ஒட்டி அது அறவே மறையும். ஜூன் 21இல் தெற்கே 19 செ.மீ. விழும். ஆகஸ்ட் 18ஐ ஒட்டி மீண்டும் மறையும். ஆகவே டிசம்பரில் ஹனபி அஸருக்கு 273 செ.மீ. நிழல் வேண்டும், ஏப்ரல் 24இல் 200 செ.மீ. போதும். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நிரந்தர நேர அட்டவணையில் நாளுக்கு நாள் நிமிடங்கள் மாறுவதற்கு இதுவே அடிப்படை. அவ்வட்டவணை பூமியின் சாய்வு எழுதிய கையெழுத்து. ஐவேளை அதைப் பார்க்கும் மாணவர், பருவத்தின் காரணம் கேட்டால் விழிக்கிறார்.

இதே சூரியனை இன்னும் சற்று வடக்கே பின்தொடர்ந்து பார்க்கலாம். ஏப்ரல் 24இல் ஆம்பூரின் உச்சியில் நின்ற சூரியன் நாள்தோறும் வடக்கே நகர்ந்து, மே 28இல் மக்காவின் உச்சியை அடைகிறது. மக்காவின் அகலாங்கு 21 பாகை 25 கலை. அதுவும் பெருஞ்சாய்வினும் குறைந்த ஊர்தான். ஜூன் 21இல் கடகக் கோட்டைத் தொட்டுத் திரும்பி, ஜூலை 16இல் மீண்டும் மக்காவின் உச்சியிலும், ஆகஸ்ட் 18இல் மீண்டும் நம் உச்சியிலும் வந்து நிற்கிறது. மக்காவின் உச்சியில் சூரியன் நிற்கும் கணத்தில், அதனைக் காணும் எவ்விடத்திலும் நிழலுக்கு எதிர்த்திசையே கிப்லா என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நஸீருத்தீன் தூஸி தம் 'தத்கிரா' நூலில் எடுத்துக்காட்டினார். இந்திய நேரப்படி அக்கணம் மே 28 பிற்பகல் 2 மணி 48 நிமிடம். ஜூலை 16 பிற்பகல் 2 மணி 57 நிமிடம். பிப்ரவரிக்கு 29 நாள் உள்ள ஆண்டுகளில் ஒரு நாள் முந்தும். வாணியம்பாடியில் ஒரு தூணின் நிழலைக் கொண்டு கிப்லாவைச் சரிபார்க்கும் சிறுவன், பூமியின் அச்சுச் சாய்வையும் உடன் கற்றுக்கொள்கிறான்.

பருவப் பாடத்தில் நம் பிள்ளைக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அவர் கையில் நாட்காட்டிகள் பல. ஹிஜ்ரி ஆண்டு 354 நாள். சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே அதன் மாதங்கள் பருவங்களினூடே நடந்துகொண்டே இருக்கும். 1986இல் மே மாதத்தில் தொடங்கிய ரமலான், எல்லாப் பருவங்களையும் சுற்றிவிட்டு, 2018இல் மீண்டும் மே நடுவில் தொடங்கியது. கத்திரி வெயிலில் நோற்ற நோன்பை முதுமையில் மறுபடியும் கத்திரி வெயிலில் நோற்றவர்கள் நம் ஊர்களில் பலர். ரபீஉ என்றால் வசந்தம், ரமலான் என்றால் கடும் வெப்பம் என்று மாதப் பெயர்களில் பருவம் ஒட்டிக்கொண்டிருப்பதன் காரணம், அப்பெயர்கள் எழுந்த காலத்தில் அரபியர் இடையிடையே ஒரு மாதத்தைச் செருகி நாட்காட்டியைப் பருவத்தோடு பொருத்தி வந்தமை என்பர். அவ்வழக்கத்தைத் திருமறை நீக்கியது, கி.பி. 632 முதல் மாதங்கள் பருவத்திலிருந்து விடுபட்டன.

தமிழ் நாட்காட்டியும் பருவத்தோடு முற்றிலும் இணைந்தது என்று சொல்வதற்கில்லை. அது விண்மீன்களைக் கொண்டு ஆண்டை அளப்பதால் சுமார் 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பின்தங்குகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டியே பிறந்த சித்திரை, இன்று ஏப்ரல் 14இல் பிறக்கிறது. சித்திரையும் வைகாசியும் 'இளவேனில்' என்று தமிழ் ஆசிரியர் வகுப்பில் சொல்லும்போது, வேலூர் மாணவர் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி முறுவலிப்பது இதனாலும்தான். அல்பீரூனி பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், இங்கே ஆண்டு ஆறு இருதுக்களாகப் பகுக்கப்படுவதைக் குறித்துள்ளார். தொல்காப்பியம் கூறும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறும் அவ்வகையே. வருவாய்த் துறையின் 'பசலி' மற்றொன்று. பட்டாவிலும் அடங்கலிலும் காணும் அச்சொல்லின் வேர் அரபியின் 'பஸ்ல்', பொருள், பருவம். சந்திர ஆண்டைக் கொண்டு அறுவடை வரியைத் தண்ட முடியாது என்பதால் முகலாய அரசு கொண்ட பருவ ஆண்டு அது. தமிழ்நாட்டில் அது ஜூலை 1இல் தொடங்குகிறது. வேலூர் விவசாயி தம் நிலத்தின் காகிதத்தில் அரபுச் சொல்லில் பருவத்தை வைத்திருக்கிறார் என்பது எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்?

சூரியனின் கோணம் ஒன்றினாலேயே நம் பருவம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் ஒரே உயரத்தில் நிற்கிறது. ஆயினும் ஆகஸ்டில் அவ்வளவு வெப்பம் இல்லை. வறண்ட நிலமும் தெளிந்த வானமும் கோடைக்கு. தென்மேற்குக் காற்றின் மேகம் ஆகஸ்டுக்கு. அச்சுச் சாய்வே வடக்கு நிலப்பரப்பைச் சூடாக்கிக் கடற்காற்றை இழுக்கிறது. அதே சாய்வு அக்டோபருக்குப் பின் காற்றைத் திருப்பி வடகிழக்குப் பருவமழையைத் தருகிறது. 'மான்சூன்' என்ற சொல்லே அரபியின் 'மவ்ஸிம்' என்பதிலிருந்து பிறந்தது. மரக்கலம் செலுத்திய அரபியருக்குப் பருவம் என்பது காற்றின் தவணை. தோல் பதனிடுவோருக்கோ அது ஈரத்தின் தவணை. பதனிட்ட தோலை நேர்வெயிலில் போடுவதில்லை, காற்றோட்டமுள்ள கொட்டகையில் தொங்கவிடுவர். மழை மாதங்களில் காற்றே நனைந்திருப்பதால் உலர நாளாகும், பூசணம் பற்றும். அத்தொழிலாளியின் பிள்ளைக்கு ஈரப்பதம் என்ற பாடத்தைத் தனியே விளக்கவேண்டியதில்லை. 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியில் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோனதும் அந்த வடகிழக்குப் பருவத்திலேதான். கோடையெல்லாம் மணலாய்க் கிடக்கும் ஆறு அது.

இவ்வூர்களுக்கு அருகிலேயே, ஆலங்காயத்தை அடுத்த ஜவ்வாது மலையில், காவலூர் வானோக்ககம் அமைந்துள்ளது. எம். கே. வேணு பாப்புவின் முயற்சியால் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அது தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளைச் சுற்றிய வளையங்களை 1977 மார்ச்சில் வெளிப்படுத்திய நோக்கர்களுள் காவலூராரும் அடங்குவர். 1982இல் பாப்பு மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986 ஜனவரி 6இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. அங்குள்ள நோக்கர்களுக்கும் பருவம் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை தெளிந்த இரவுகள். பின் இரு பருவக்காற்றுகளின் மேகம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் காவலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் ஒன்றாக வந்துள்ளன. தொலைநோக்கியைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது நன்று. ஆயினும் பருவங்களின் காரணத்தைக் காட்ட அவ்வளவு பெரிய கருவி தேவையில்லை.

வகுப்பறையில் ஒரு விளக்கும் ஒரு பந்தும் போதும். பந்தின் ஊடே கம்பியைச் செருகி, கம்பியைச் சற்றுச் சாய்த்து, அதன் முனை எப்போதும் வடக்குச் சுவரையே, அதாவது ஆம்பூரில் பேரணாம்பட்டுத் திசையையே, நோக்கும்படி வைத்துக்கொண்டு ஆசிரியர் விளக்கைச் சுற்றி நடக்கவேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: நடக்கும்போது கம்பியையும் விளக்கை நோக்கித் திருப்பிவிடுவார்கள். திருப்பினால் பருவமே இல்லை. அச்சு தலையாட்டுவதில்லை என்பதை மாணவர் உணரும்போது பாதிப் பாடம் முடிந்தது. இரவில் வடக்கு அடிவானத்துக்கு மேல் 13 பாகை உயரத்தில், ஆண்டு முழுதும் இடம்பெயராமல் நிற்கும் துருவ விண்மீனை மாணவருக்குக் காட்டினால் அதற்குச் சான்றும் கிடைக்கும்.

மீதிப் பாதி முற்றத்தில் இருக்கிறது. நிழல் மறையும் இரு நாட்களுள் ஏப்ரல் 24 தேர்வும் விடுமுறையுமாகக் கழிந்துவிடும். ஆகஸ்ட் 18 பள்ளி நடக்கும் காலம். அன்று ஆம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி பகல் 12 மணி 19 நிமிடத்தில். மட்டம் பார்த்து நட்ட ஒரு மீட்டர் குச்சியைச் சுற்றி மாணவர்களை நிறுத்தலாம். மேகம் மூடிவிட்டால் மறுநாளும் பார்க்கலாம். நிழலின் வேறுபாடு ஒரு நாளைக்கு அரை செ.மீ. அளவே. அன்று தொடங்கி வாரம் ஒருமுறை நண்பகல் நிழலின் நுனியைச் சுண்ணாம்பால் குறித்து வந்தால், டிசம்பர் 22 வரை புள்ளிகள் வடக்கே நீண்டுகொண்டே போகும், பிறகு திரும்பும். அந்தத் திரும்பும் நாளில், பள்ளிவாசல் அட்டவணையின் அஸர் நேரத்தையும் புள்ளிகளுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.